சாவிப் பதிவேடு: வாசகர் கேள்வி – பதில்

வீட்டு ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றுகின்றன: கருவி ஓரிடத்தில், நாம் வேறிடத்தில். அங்கே போகாமல் அதை எப்படி இயக்குவது? ஆறு கடிதங்களுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன்.

*

காசிமேட்டில் எங்களுக்குச் சிறிய ஐஸ் தொழிற்சாலை இருக்கிறது. உப்புநீர்த் தொட்டியின் வெப்பநிலையைக் காட்டும் கன்ட்ரோலர் ஒன்றும், நான்கு கேமராக்களும், அவற்றின் காட்சிகளைப் பதிவுசெய்யும் டி.வி.ஆரும் வைத்திருக்கிறோம். வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும் என்றதும், கேமரா மாட்டியவர் ரவுட்டரில் ஏதோ 'போர்ட்' திறந்துவிட்டுப் போனார். இப்போது டி.வி.ஆரின் பதிவைப் பார்த்தால் இரவு முழுக்கத் தவறான லாகின் முயற்சிகள். "எல்லா இடத்திலும் இப்படித்தான் வரும், கண்டுகொள்ளாதீர்கள்" என்கிறார். விட்டுவிடலாமா?
– வாசகர், காசிமேடு

விடக் கூடாது. எல்லா இடத்திலும் வரும் என்று அவர் சொன்னது உண்மைதான். இணையத்தில் திறந்திருக்கும் வாசல்களைத் தானியங்கி நிரல்கள் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கின்றன. உங்கள் தொழிற்சாலையைத் தெரிந்து யாரும் தட்டவில்லை. ஆனால் திறந்தால் உள்ளே வந்துவிடுவார்கள், அதில் சந்தேகமே வேண்டாம்.

2016இல் 'மிராய்' என்ற தீநிரல் பரவியது. அது பெரிய வித்தை எதையும் காட்டவில்லை. டெல்நெட் (தொலைவிலிருந்து கருவிக்குக் கட்டளை கொடுக்கும் பழைய முறை) திறந்திருந்த கேமரா, டி.வி.ஆர்., ரவுட்டர்களைத் தேடிப் போய், தயாரிப்பாளர்கள் வைத்தனுப்பிய பெயர், கடவுச்சொல் ஜோடிகளில் அறுபது சொச்சத்தை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அதற்கே லட்சக்கணக்கான கருவிகள் அதன் வசமாயின. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அப்படிப் பிடித்த கருவிகளை, இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தின் மீது ஏவினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கு மணிக்கணக்கில் கிடைக்காமல் போயின. தாக்கியவை பெரும்பாலும் யாரோ கடையிலும் வீட்டிலும் மாட்டிவைத்த சாதாரணக் கேமராக்களும் டி.வி.ஆர்களும்தான்.

இன்று இரவுக்குள் ரவுட்டரைத் திறந்து அந்த 'போர்ட் ஃபார்வர்டிங்' வரியை நீக்குங்கள். அதே இடத்தில் 'யு.பி.என்.பி.' என்று ஒன்று இருக்கும். உள்ளே இருக்கும் கருவிகள் உங்களைக் கேட்காமலேயே ரவுட்டரில் வாசல் திறந்துகொள்ள அது அனுமதிக்கிறது. அதையும் அணைத்துவிடுங்கள். பிறகு டி.வி.ஆரின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், தயாரிப்பாளர் புதிய மென்பொருள் வெளியிட்டிருந்தால் ஏற்றுங்கள். சில நாள் வீட்டிலிருந்து பார்க்க முடியாது. பரவாயில்லை.

அடுத்தது வயரிங். கேமராவும் கன்ட்ரோலரும் நீங்கள் பில் போடும் கணினி இருக்கும் நெட்வொர்க்கிலேயே இருந்தால் பிரித்துவிடுங்கள். கேமராவுக்குள் நுழைந்தவன் அங்கிருந்து கணக்குப் புத்தகத்துக்குள் நடந்து வந்துவிடக் கூடாது. இதற்கு அவசரமில்லை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் உங்கள் வேலை குறைந்திருக்கும்போது நிதானமாகச் செய்யலாம். வெளியிலிருந்து வருவதற்கு வி.பி.என். (சாவி உள்ளவர் மட்டும் நுழையக்கூடிய, மறைகுறியாக்கிய தனிப்பாதை) ஒன்றே வழியாக இருக்கட்டும். 'வயர்கார்ட்' என்ற வி.பி.என். வசதியுள்ள ரவுட்டர்கள் இப்போது சாதாரணமாகக் கிடைக்கின்றன. சரியான சாவியில்லாமல் வரும் தட்டலுக்கு வயர்கார்ட் பதிலே சொல்வதில்லை. தட்டுபவனுக்கு அங்கே ஒரு வாசல் இருப்பதே தெரியாது.

கன்ட்ரோலர் விஷயத்தில் என் எண்ணம் கறாரானது. தொட்டியின் வெப்பநிலையை வீட்டிலிருந்து பாருங்கள், எல்லை தாண்டினால் எச்சரிக்கை வரும்படியும் வையுங்கள். கம்ப்ரசரை ஓட்டுவதும் நிறுத்துவதும் அந்த அறையில் நிற்கும் ஆளின் கையிலேயே இருக்கட்டும். அம்மோனியாவில் ஓடும் இயந்திரமானால் இது இன்னும் முக்கியம். வால்வுக்குப் பக்கத்தில் ஒருவர் குனிந்து வேலை பார்ப்பது உங்கள் போனில் தெரியாது.

என் அப்பா ராயபுரத்தில் ஒரு சரக்குக் கிடங்கின் காவலர். கிடங்கின் சாவியை யார் வாங்கினாலும் நீளமான பதிவேட்டில் பெயர், நேரம், கையெழுத்து மூன்றும் வாங்காமல் கொடுக்க மாட்டார். முதலாளியின் மகனே வந்து கேட்டபோதும் பதிவேட்டைத்தான் முதலில் நீட்டினார். முப்பது ஆண்டுகளாக நெட்வொர்க் வேலை செய்கிறேன். எந்த இடத்துக்குப் போனாலும் அந்தப் பதிவேட்டைத்தான் தேடுகிறேன், பெரும்பாலும் கிடைப்பதில்லை. உங்கள் டி.வி.ஆருக்கு நிர்வாகி நீங்களா, கேமரா மாட்டியவரா? அவர் மாட்டிய அத்தனை கடைகளிலும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருக்கிறாரா? அவர் நல்லவராகவே இருக்கலாம். அவருடைய போன் தொலைந்தால் என்ன ஆகும் என்று மட்டும் கேளுங்கள். நிர்வாகி கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு, அவருக்குத் தேவைப்படும்போது தனிக் கணக்கு கொடுங்கள்.

*

பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சிஸ்கோ நிறுவனத்தின் ஸ்விட்ச்சில் (கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் கருவி) எஸ்.எஸ்.எச். (தொலைவிலிருந்து மறைகுறியாக்கத்தோடு நுழையும் முறை) அமைக்கச் சொன்னார்கள். சாவி உருவாக்கும் கட்டளையைக் கொடுத்தால், 'ஸ்விட்ச்' அல்லாத வேறு பெயர் வை என்று பிழை காட்டுகிறது. பெயருக்கும் சாவிக்கும் என்ன சம்பந்தம்? டெல்நெட்டே ஒழுங்காக வேலை செய்யும்போது இவ்வளவு சிரமம் எதற்கு?
– மாணவர், வியாசர்பாடி

தம்பி, இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, உங்கள் ஆய்வகக் கணினியில், நெட்வொர்க்கில் போய்வரும் தரவுப் பொட்டலங்களைப் பதிவுசெய்யும் 'வயர்ஷார்க்' மென்பொருளை ஓடவிட்டு, அதே கணினியிலிருந்து ஸ்விட்ச்சுக்கு டெல்நெட்டில் நுழையுங்கள். பிறகு பதிவான பொட்டலங்களை ஒரே உரையாடலாகச் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் தட்டிய கடவுச்சொல் எழுத்தெழுத்தாகக் கண்முன் நிற்கும். அதையே எஸ்.எஸ்.எச்.சில் செய்தால் ஒன்றும் புரியாத குழப்பம்தான் தெரியும். ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு டெல்நெட்டைத் தொட உங்களுக்கே மனம் வராது.

எஸ்.எஸ்.எச். பிறந்ததே இப்படி ஒரு திருட்டிலிருந்துதான். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுச் சேர்த்துவைத்திருந்தது தெரியவந்தது. அங்கிருந்த டாட்டு யிலோனென் தன் பயன்பாட்டுக்காக எழுதிய நிரல் இது. கோப்புகளை அனுப்பும் எஃப்.டி.பி.க்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று போர்ட் எண்கள் இருந்தன. நடுவில் 22 காலியாக இருந்ததால் அதைக் கேட்டு வாங்கினார். இந்த இரண்டுக்கும் மாற்றாக வரவேண்டியது என்ற எண்ணம் அந்த எண்ணிலேயே இருக்கிறது.

இனி உங்கள் பிழை. கருவியின் பெயரையும் டொமைன் பெயரையும் சேர்த்துத்தான் சிஸ்கோ அந்தச் சாவிக்குப் பெயரிடுகிறது. எல்லாக் கருவியும் 'ஸ்விட்ச்' என்றே இருந்தால் எந்தச் சாவி எதனுடையது என்று எப்படித் தெரியும்? ஆகவே முதலில் 'ஹோஸ்ட்நேம்', அடுத்து 'ஐபி டொமைன்-நேம்', அதன்பின் 'கிரிப்டோ கீ ஜெனரேட் ஆர்எஸ்ஏ'. நீளம் கேட்கும்போது 2048 கொடுங்கள். அப்படியே எண்டரைத் தட்டினால் பழைய கருவிகளில் 512தான் கிடைக்கும், எஸ்.எஸ்.எச்.சின் இரண்டாம் பதிப்புக்கு 768ஆவது வேண்டும். சில ஸ்விட்ச்சுகள் 'கிரிப்டோ' என்ற சொல்லையே ஏற்காது. அதன் மென்பொருள் கோப்பின் பெயரில் 'கே9' இருக்கிறதா என்று பாருங்கள். மறைகுறியாக்கம் உள்ள பதிப்புக்கு அதுதான் அடையாளம்.

பயனர் கணக்கு உருவாக்கும்போது 'பாஸ்வேர்ட்' என்று போடாமல் 'சீக்ரெட்' என்று போடுங்கள். 'பாஸ்வேர்ட்' என்று போட்டால் அது அமைப்புக் கோப்பில் அப்படியே தெரியும், அல்லது எளிதாகப் பிரித்துவிடக்கூடிய வடிவில் இருக்கும். 'ஐபி எஸ்எஸ்எச் வெர்ஷன் 2' கட்டாயம். நிலவரம் கேட்டால் 1.99 என்று காட்டினால் அது தனிப் பதிப்பு அல்ல; பழைய ஒன்றையும் புதிய இரண்டையும் ஏற்றுக்கொள்கிறேன் என்று கருவி சொல்கிறது. முதல் பதிப்பில் ஓட்டைகள் உண்டு.

அடுத்து வருவதில்தான் அனுபவமுள்ளவர்களும் தவறுகிறார்கள். 'லைன் விடிஒய் 0 4' என்று எழுதி, அதற்குள் 'லாகின் லோக்கல்', 'டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்எச்' என்று முடித்துவிடுவார்கள். ஸ்விட்ச்சில் தொலைவிலிருந்து நுழைய 0 முதல் 15 வரை பதினாறு தடங்கள் (விடிஒய்) இருக்கின்றன. 5 முதல் 15 வரை உள்ளவை கவனிப்பாரின்றிப் பழைய அமைப்பிலேயே கிடக்கும். நான் பார்த்த எத்தனையோ கோப்புகளில் முன்வாசலில் இரும்புக் கதவும் பின்வாசலில் திரைச்சீலையும்தான். '0 15' என்று எழுதுங்கள். அதோடு 'ஆக்சஸ்-கிளாஸ்' போட்டு, எந்த முகவரிகளிலிருந்து மட்டும் நுழையலாம் என்று வரையறுங்கள். பத்து நிமிடம் யாரும் எதுவும் தட்டாவிட்டால் இணைப்பு தானாக அறுபடட்டும்.

வரிசை தவறினால் என்ன ஆகும் என்று எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மணலியில் ஒரு கன்டெய்னர் முனையம். வேலைக்குச் சேர்ந்த புதிது. காலடிப்பேட்டையில் வீட்டிலிருந்தபடி டெல்நெட்டில் நுழைந்து, சாவியை உருவாக்கும் முன்பே 'எஸ்.எஸ்.எச். மட்டும்' என்று கட்டளையிட்டுச் சேமித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து இணைய இணைப்பு அறுந்தது. திரும்ப நுழைய டெல்நெட் இல்லை. சாவி இல்லாததால் எஸ்.எஸ்.எச்.சும் இல்லை. வாயிலில் இருந்த எடைமேடைக் கணினிக்கு நெட்வொர்க் மாற்றிக் கொடுக்கத்தான் நான் உள்ளே போயிருந்தேன், அதைச் செய்யவும் வழியில்லை. இரவு பதினொரு மணிக்கு, கொட்டும் மழையில், ஸ்விட்ச்சில் நேரடியாகச் செருகி நுழைய உதவும் கன்சோல் கேபிளைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொண்டு மணலி விரைவுச் சாலையில் போனேன். எடை போட முடியாமல் நின்ற லாரிகளின் வரிசையைத் தாண்டித்தான் வாயிலுக்கே போக முடிந்தது. ஓட்டுநர்கள் வண்டிக்குள் முடங்கிப் படுத்திருந்தார்கள். அவர்களுடைய ஓர் இரவு என் அவசரத்தில் போய்விட்டது என்பதை இன்றும் மறக்க முடியவில்லை.

ஆகவே தொலைவிலிருந்து வாசலைத் திருத்தும் முன் 'ரீலோட் இன் 10' என்று கொடுத்துவிடுங்கள். மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் கருவி மீண்டும் எழும்பி, சேமித்து வைத்த பழைய அமைப்போடு வரும். திருத்தியதும் இருக்கும் இணைப்பை மூடாமல், இன்னொரு சாளரத்தில் புதிதாக நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் 'ரீலோட் கேன்சல்', அதன் பிறகே சேமிப்பு. நான் அன்று முந்திச் சேமித்திராவிட்டால், மின்சாரத்தை அணைத்துப் போடச் சொல்லிப் போனிலேயே முடித்திருக்கலாம்.

*

எஸ்.எஸ்.எச்.சை 22இலிருந்து 2222க்கு மாற்றிவிட்டால் போதுமா?
– வாசகர், பெரம்பூர்

போதாது. பதிவில் சத்தம் குறையும், அந்த அளவுக்கு நல்லதுதான். ஆனால் எல்லா எண்களையும் துழாவிப் பார்க்கும் நிரலுக்கு அது சில நிமிட வேலை, அதுவும் 2222 எல்லோரும் முதலில் யோசிக்கும் எண். கடவுச்சொல் நுழைவை முழுவதுமாக நிறுத்திவிட்டு, சாவிக்கோப்பு வைத்திருப்பவர் மட்டும் நுழையும்படி செய்யுங்கள். 'இடி25519' வகைச் சாவி இருந்தால் நல்லது. முழு அதிகாரமுள்ள ரூட் பயனர் நேரடியாக நுழைவதையும் தடுத்துவிடுங்கள்.

*

பழைய வண்ணாரப்பேட்டையில் அப்பா தனியாக இருக்கிறார், வயது 78. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், வீட்டில் கேமரா வைத்து அங்கிருந்தே பார்க்க வேண்டும் என்கிறான். இணைய இணைப்புக்காரர், எங்கள் இணைப்பில் வெளியிலிருந்து நுழையவே முடியாது, மாதாமாதம் கூடுதல் பணம் கட்டி நிலையான முகவரி வாங்குங்கள் என்கிறார். உண்மையா?
– வாசகி, கொடுங்கையூர்

நுழைய முடியாது என்பது உண்மையாக இருக்கலாம். ரவுட்டரின் நிலவரப் பக்கத்தில் வெளிப்புற முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள் என்று பொருள். அடுக்ககத்துக்கு ஒரே கதவு எண் இருப்பதைப் போல. வெளியிலிருந்து வருபவருக்கு உங்கள் வீடு எது என்று தெரியாது.

அதனால் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நிலையான முகவரி வாங்கி, அதன் மேல் போர்ட்டைத் திறந்து வைப்பது காசைக் கொடுத்து ஆபத்தை வாங்குவது. வீட்டிலிருந்து வெளியே போகும் இணைப்புக்கு இந்தத் தடை கிடையாது. ஆகவே வீட்டில் ஒரு சிறு கருவி தானே வெளியே போய் இணைந்து கொள்ளும்படி செய்யலாம். வயர்கார்ட்டின் மேல் கட்டப்பட்ட 'டெயில்ஸ்கேல்' போன்ற சேவைகள் இதைத்தான் செய்கின்றன. அண்ணன் போனில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று நிறுவினால் போதும். அந்தச் சேவையின் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும்.

கேமராவோடு வரும் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து செயலியில் பார்ப்பதும் ஒரு வழி. எளிது. ஆனால் தயாரிப்பாளரின் சர்வர் நடுவில் நிற்கிறது. அவரை நம்புகிறீர்களா என்பதுதான் கேள்வி. இந்தியாவில் விற்கும் சி.சி.டி.வி. கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம் என்று மத்திய அரசு 2024இல் அறிவித்து, 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. புதிதாக வாங்குவதானால் அந்தச் சான்று இருக்கிறதா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள் அம்மா. அப்பாவிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அண்ணன் என்ன சொன்னார், இணைப்புக்காரர் என்ன சொன்னார் என்று இருக்கிறது. அப்பா என்ன சொன்னார் என்று இல்லை. வாசலிலும் கூடத்திலும் கேமரா போதும், படுக்கையறையில் வேண்டாம். தாம் விரும்பும்போது அணைத்துக்கொள்ள ஒரு ஸ்விட்ச் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

*

மின்ட் தெருவில் அச்சகம் நடத்துகிறோம். கோப்புகளைச் சேமிக்கும் கருவிக்குள் எஸ்.எஸ்.எச். வழியாக நுழையும்போது, எதிர்முனைக் கருவியின் அடையாளம் மாறிவிட்டது என்று பெரிய எச்சரிக்கை வருகிறது. இணையத்தில் பார்த்து ஒரு வரியை அழித்தேன், வேலை செய்கிறது. சரிதானே?
– வாசகர், சவுகார்பேட்டை

சரியாகவும் இருக்கலாம், சரியா என்று நீங்கள் பார்க்கவில்லை. முதல் முறை இணையும்போது கருவி தன் கைரேகையைக் காட்டி, இது நான்தான், நம்புகிறீர்களா என்று கேட்கும். நாம் படிக்காமலேயே 'யெஸ்' தட்டுகிறோம். அந்தக் கைரேகை உங்கள் கணினியில் 'நோன் ஹோஸ்ட்ஸ்' கோப்பில் பதிவாகிறது. அடுத்த முறை வேறு கைரேகை வந்தால்தான் இந்த எச்சரிக்கை.

கருவியை மாற்றியிருந்தாலோ, மென்பொருளைப் புதிதாக ஏற்றியிருந்தாலோ, அந்த ஐ.பி. முகவரி வேறொரு கருவிக்குப் போயிருந்தாலோ வரும். நடுவில் ஒருவன் புகுந்து உங்கள் கருவி போல நடித்தாலும் இதே எச்சரிக்கைதான் வரும். திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அச்சகத்தில் கருவிக்குப் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, அதிலேயே கைரேகையைக் காட்டச் சொல்லி, 'எஸ்எச்ஏ256' என்று தொடங்கும் அந்த எழுத்துகளைப் போனில் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் திரையில் இருப்பதோடு முழுவதும் பொருந்த வேண்டும். முதல் நான்கெழுத்து பொருந்தினால் போதாது. நீங்கள்தான் அச்சகம் நடத்துகிறீர்களே, அதைச் சின்னச் சீட்டாக அச்சடித்துக் கருவியின் மேல் ஒட்டிவிடுங்கள்.

*

எங்கள் மருந்துக் கடையில் கணினி பார்த்துக்கொண்ட பையன் வேறு வேலைக்குப் போகிறான். நல்ல பையன், மனக்கசப்பு எதுவும் இல்லை. அவனுக்கு எல்லாக் கடவுச்சொல்லும் தெரியும். மாற்றினால் சந்தேகப்படுவதாக நினைப்பானோ என்று தயக்கம்.
– வாசகி, திருவொற்றியூர்

மாற்றுவது அவனுக்கும் பாதுகாப்பு. அடுத்த மாதம் கணக்கில் ஏதாவது தவறு நடந்தால், கடவுச்சொல் அவனிடமும் இருந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

எல்லோரும் ஒரே 'அட்மின்' பெயரில் நுழைவதை இத்தோடு நிறுத்துங்கள். ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள். சாவிக்கோப்பு வைத்து நுழைகிறவனாக இருந்தால், சர்வரில் 'ஆதரைஸ்டு கீஸ்' கோப்பில் அவனுடைய வரி இருக்கும்; வரியின் கடைசியில் பெரும்பாலும் பெயரும் கணினியும் எழுதியிருக்கும். அந்த வரியை நீக்குங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு அதனால் அறுபடாது, அதைத் தனியாக மூட வேண்டும். ரவுட்டர், கேமரா, பில்லிங் மென்பொருள், போனிலிருந்து கணினியை இயக்கும் செயலி என்று ஒன்றையும் விடாதீர்கள். அந்தச் செயலிகளில் யாரும் இல்லாதபோதும் நுழையத் தனிக் கடவுச்சொல் ஒன்று வைத்திருப்பார்கள்; பெரும்பாலும் மறந்துபோவது அதுதான்.

இதை அவன் போன பிறகு செய்யாதீர்கள். கடைசி நாள் மாலை அவனையே பக்கத்தில் உட்காரவைத்து, அவன் சொல்லச் சொல்ல நீங்கள் மாற்றுங்கள். எங்கெங்கே என்னென்ன இருக்கிறது என்று அவனைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஒரு நோட்டில் கருவியின் பெயரை எழுதி, மாற்றிய தேதியையும் நேரத்தையும் போட்டு, கீழே அவன் கையெழுத்தையும் உங்கள் கையெழுத்தையும் வாங்கிவைத்துவிட்டு அனுப்புங்கள்.